பன்னிரண்டு எங்கே?

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன். 2025ஆம் வருஷம் ஜனவரி மாதம் 10ந் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, பத்து வயதுப் பெண் ஒருத்தியின் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கினேன். பெண் என் சொந்த மகள், செல்போனும் என்னுடையது. ஆகையால் விஷயம் போலீசுக்குப் போகவில்லை. ஆனால் அதற்கான தண்டனையைப் பதினொரு மாதமும் இருபது நாளும் அனுபவித்தேன்.

என்ன தண்டனை என்கிறீர்களா? கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை என் கையால் செய்து முடிக்க வேண்டும் என்பதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். அன்று வைகுண்ட ஏகாதசி. ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் லீவு சொல்லிவிட்டு, சுந்தரபாண்டியத்தில் என் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகிற சாலையில் கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, வத்திராயிருப்புப் பக்கம் பஸ் ஏற வேண்டும். மேற்கே மலை, சுற்றிலும் தென்னையும் வயலும். தெருவில் கால் வைத்தால் முதலில் வரவேற்பது தறிச் சத்தம். கைத்தறிச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அத்தையும் அந்தத் தறியில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவள்தான்.

ஏகாதசி இரவு கண் விழிக்க வேண்டுமே! அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து பரமபதப் படத்தை எடுத்து விரித்தாள். பழைய காகிதம், கிழிந்து போகாமலிருக்கத் துணியில் ஒட்டி வைத்திருந்தாள். 132 கட்டங்கள். அதில் ஏணிகள், பாம்புகள், உச்சியில் வைகுண்டம். உருட்டுவதற்குப் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. இந்தப் பரமபதத்தின் வம்சந்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, பாம்பும் ஏணியும் என்று பெயர் மாறி, உலகமெல்லாம் சுற்றியது.

நாங்கள் உருட்டத் தொடங்கினோம். என் மகள் மட்டும் வரவில்லை. தூணோரமாக உட்கார்ந்து செல்போனில் ஏதோ ஒரு விளையாட்டில் மூழ்கியிருந்தாள். எட்டிப் பார்த்தேன். "இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு! வைரம் வாங்கினால் தொடரலாம்" என்று அது கண்ணைச் சிமிட்டிக் கொண்டிருந்தது. பிடுங்கி விட்டேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"அது கெட்ட விளையாட்டுன்னா, நல்லதா நீங்களே ஒண்ணு செஞ்சு குடுங்கப்பா" என்றாள்.

"நியாயமாத்தானே கேக்குறா?" என்றாள் அத்தை, காயை நகர்த்திக்கொண்டே. "அடுத்த ஏகாதசிக்குள்ளே செஞ்சு கொண்டா, தம்பி."

ஒரு வருஷம் கிடக்கிறதே என்று தாராளமாகத் தலையை ஆட்டினேன். ஊருக்குத் திரும்பிக் காலண்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அடுத்த வைகுண்ட ஏகாதசி அதே 2025 டிசம்பர் 30ல் வருகிறதென்று! ஒரே இங்கிலீஷ் வருஷத்தில் இரண்டு. வாய்தா கொடுக்கக் கூடப் பஞ்சாங்கம் சம்மதிக்கவில்லை.

என் யோக்கியதாம்சங்களையும் சொல்லி விடுகிறேன். படித்தது பி.ஏ. பொருளாதாரம். தொழில், பத்திரிகையில் எழுதுவது. கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, தட்டச்சு.

ஆனாலும் இந்தக் காலத்தில் கற்றுக்கொள்ள நினைப்பவனுக்குக் குறையொன்றுமில்லை. விளையாட்டு செய்வதற்கென்றே 'எஞ்சின்' என்று ஒரு சாதனம் இருக்கிறது. படம் காட்டுவது, சத்தம் எழுப்புவது, விரல் பட்டதைக் கவனிப்பது முதலிய எடுபிடி வேலைகளை அது பார்த்துக்கொள்ளும். விளையாட்டின் விதிகளை நாம் சொன்னால் போதும். நான் எடுத்துக்கொண்டது 'கோடோ' என்ற எஞ்சின். அர்ஜெண்டினா தேசத்து நண்பர்கள் ஹுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்ற இருவர் உருவாக்கி, 2014ல் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்டார்கள். பெக்கெட் எழுதிய ஒரு நாடகத்தில், வருவார் வருவார் என்று இரண்டு பேர் காத்துக்கொண்டே இருக்க, கடைசி வரை வராத ஆசாமியின் பெயர் கோடோ. விளையாட்டு செய்யப் புறப்பட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடையாது.

முதல் பாடம் இது: கம்ப்யூட்டர் விளையாட்டு என்பது நிற்காத தறி. ஒரு விநாடிக்குச் சுமார் அறுபது தடவை அது மூன்றே காரியங்களைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. ஆடுகிறவர் எதையாவது தொட்டாரா என்று பார்க்கிறது. அதற்குத் தக்கபடி கணக்கை மாற்றுகிறது. படத்தைப் புதிதாக வரைகிறது. பார்ப்பது, மாற்றுவது, வரைவது. அவ்வளவுதான்.

இதிலேயே முதல் சறுக்கல் காத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் காய் ஒரு புள்ளி தூரம் நகரட்டும் என்று எழுதினேன். என் கிழட்டுக் கம்ப்யூட்டரில் காய் ஆமையாக ஊர்ந்தது. ஆபீஸ் நண்பரின் புது மிஷினில் அதே காய் கண்ணுக்குத் தெரியாமல் பறந்தது. மிஷினுக்கு மிஷின் வரைகிற வேகம் வேறு அல்லவா? சென்ற சித்திரத்துக்கும் இந்தச் சித்திரத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிந்ததோ அதனால் வேகத்தைப் பெருக்க வேண்டுமாம். பெருக்கினேன். ஆமையும் பருந்தும் ஒரே நடை நடந்தன.

இரண்டாவது பாடம், எல்லாவற்றையும் குடும்பமாக அமைப்பது. பலகை என்பது தாய். பாம்பும் ஏணியும் காயும் அதன் குழந்தைகள். தாயை நகர்த்தினால் குழந்தைகள் கூடவே நகரும். எங்கள் வீட்டில் ஒரு நாளும் நடக்காத அதிசயம் இது.

மூன்றாவது பாடந்தான் என்னைக் கொஞ்சம் திகைக்க வைத்தது. பாம்புக்கும் ஏணிக்கும் கம்ப்யூட்டரில் எழுதுவது ஒரே மாதிரி வரிதான். 'இந்தக் கட்டத்துக்கு வந்தால் அந்தக் கட்டத்துக்குப் போ.' ஏணி என்றால் போகிற கட்டத்தின் எண் பெரியது. பாம்பு என்றால் சிறியது. வேறு வித்தியாசமே இல்லை! புண்ணியம் ஏற்றுகிறது, பாவம் இறக்குகிறது என்ற பரமபதத்தின் கதை முழுவதும் படத்திலேதான் இருக்கிறது. படமும் சத்தமும் இல்லாவிட்டால் அது வெறும் வாய்ப்பாடு.

ஆக, விதிகளை எழுதி முடிப்பது பாதி வேலைகூட இல்லை. பலகை, பாம்பு, ஏணி, காய், கட்டை, சத்தம், எழுத்து என்று ஒவ்வொரு தட்டுமுட்டுச் சாமானையும் தனித்தனியாகச் செய்து அடுக்க வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பேராசை பிடித்தது. அதற்குக் காரணம் ஒரு நல்ல விளையாட்டு. கனடாவில் டொரண்டோ நகரத்தில் 'விசை கேம்ஸ்' என்ற சிறிய குழுவினர் 2023 ஜூலை 31ல் 'வெண்பா' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். பெயரைப் பார்த்தீர்களா? 1988ல் கனடாவில் போய்க் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. வெண்பா என்பது அம்மாவின் பெயர், அப்பா பாவலன், பிள்ளை கவின். இதில் சுடுவது, வெட்டுவது ஒன்றும் கிடையாது. தாயார் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கறை பட்டுக் கிழிந்திருக்கிறது. அழிந்து போன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர்! 2024ல் இந்த இட்லி விளையாட்டுக்கு இங்கிலாந்தின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கான பிரிவில் கிடைத்தது. அதே வருஷம் சுயேச்சை விளையாட்டுகளுக்கான விழாவின் முதற் பரிசும் கிடைத்தது.

இட்லிக்கு விருது கிடைக்குமானால் கோபுரத்துக்குக் கிடைக்காதா என்று எண்ணினேன். ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலை ராஜகோபுரத்தை அப்படியே முப்பரிமாணத்தில் எழுப்பி, அதன் உச்சியில் வைகுண்டத்தை வைப்பது என்று தீர்மானித்தேன். அதற்கு 'பிளெண்டர்' என்ற சாதனம், அதுவும் இலவசந்தான். ஒரு கன சதுரத்தை வைத்து இழுத்தும் அமுக்கியும் உருவம் செய்ய வேண்டும். மாசியில் ஆரம்பித்துச் சித்திரை வரை இரவெல்லாம் இழுத்தேன், அமுக்கினேன். இரண்டாவது நிலையில் பொம்மைகளை வைக்கத் தொடங்கியதும் என் கம்ப்யூட்டர் பெருமூச்சு விட்டு நின்று விட்டது. மீதி ஒன்பது நிலைக்கு ஒன்பது வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டாள் என் மனைவி. அவள் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. கோபுரத்தைக் கைவிட்டேன்.

வாசகர்களில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால், என் மூன்று மாதத்தை வீணாக்காமல் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கட்டம், ஒரு காய், ஒரு பொத்தான். பொத்தானைத் தொட்டால் காய் நகர வேண்டும். அது நகர்ந்த பிறகு இரண்டாவது கட்டம். கோபுரத்தை நினைத்தால் கோடோ வரவே மாட்டார்.

மே மாத விடுமுறையில் எல்லோரும் மறுபடி சுந்தரபாண்டியம் போனோம். அதற்குள் என் மகள் ஏழு பாம்புகள் வரைந்திருந்தாள். அருமையான பாம்புகள், ஒன்றுக்குக் கண்ணாடிகூடப் போட்டிருந்தாள். அவற்றை ஸ்கேன் செய்து பலகையில் விட்டேன். ஒவ்வொரு பாம்பும் ஒரு வெள்ளைச் சதுரத்துக்குள் வந்து படுத்துக்கொண்டது, துவைத்த வேஷ்டியில் படுத்த மாதிரி! பாம்பைச் சுற்றியுள்ள காகிதத்தை 'இது ஒன்றுமில்லை, கண்ணாடி போல் ஊடுருவிப் பார்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி நீக்க வேண்டும் என்பது அப்புறம் விளங்கியது. அதைச் செய்தால் விளையாட்டு மூச்சு வாங்கியது. காரணம், நான் ஸ்கேன் செய்த அளவு. ஐயாயிரத்துக்கு ஐயாயிரம் புள்ளி. ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வீதம் ஒரு பாம்புக்குப் பத்துக் கோடி பைட். ஏழு பாம்புக்கு எழுபது கோடி. திரையில் அது தெரியப்போவதோ இருநூறு புள்ளி அகலம். எட்டு முழ வேஷ்டிக்கு எண்பது முழம் நெய்தவன் ஆனேன்.

அடுத்தது காய். "ஆண்டாள் கையிலே இருக்கிற கிளிதான் என் காய்" என்று மகள் சொல்லி விட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குத் தினமும் புதிதாக இலையால் கிளி கட்டுவார்களே, மாதுளம்பூவால் மூக்கு வைத்து, அந்தக் கிளி. பதினாறுக்குப் பதினாறு கட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக வரைந்து பார்த்தேன். கத்திரிக்காய்க்குக் காம்பு வைத்தது போல் வந்தது. மகள் பார்த்தாள், மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை பார்த்தாள், அவளுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய கட்டைக் கொண்டு வந்தாள். காலஞ்சென்ற மாமா சேலைக் கரைக்கு மாதிரி வரைந்து வைத்திருந்த கட்டம் போட்ட காகிதங்கள்! மாங்காய், அன்னம், ருத்திராட்சம், கிளி. ஒவ்வொரு சிறு கட்டமும் பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கிற ஒரு புள்ளி. பென்சிலால் நிரப்பிய கட்டத்தில் சாய இழை மேலே வரும். வெறுங் கட்டத்தில் வராது. நான் மூன்று மாதமாகப் 'பிக்ஸல்' 'பிக்ஸல்' என்று படித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

"வளைவுன்னு ஒண்ணு தறியிலே கிடையாது, தம்பி. எல்லாம் படிக்கட்டுத்தான். படியை ஒழுங்கா வச்சியானா, கண்ணு தானே வளைச்சுக்கும்" என்றாள். விரலால் மாமாவின் கிளி முதுகைத் தொட்டு எண்ணிக் காட்டினாள். "மூணு, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, மூணு. உன்னோடதைப் பாரு: மூணு, ஒண்ணு, மூணு, ரெண்டு. முதுகு ஒடிஞ்சு போச்சு, பாவம்!"

எண்ணித் திருத்தினேன். கத்திரிக்காய் கிளியாயிற்று.

குறைந்த கட்டத்துக்குள் உருவம் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வித்தை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மேரியோ என்ற மீசைக்காரனை உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கும். 1981ல் ஜப்பானில் மியாமோட்டோ என்பவர் அவனை வரைந்தபோது கையில் இருந்த கட்டங்கள் கொஞ்சம். வாய் வரைய இடமில்லை. மீசை வைத்து மூக்கை எடுத்துக் காட்டினார். தலைமயிர் வரைவது கஷ்டம், தொப்பி போட்டார். 1985ல் வந்த அவனுடைய இன்னொரு விளையாட்டில், மேலே மிதக்கிற மேகமும் கீழே முளைத்த புதரும் ஒரே படம். வெள்ளைச் சாயம் தோய்த்தால் மேகம், பச்சை தோய்த்தால் புதர். இதை அத்தையிடம் சொன்னேன். "இதுலே என்ன அதிசயம்? நாங்க ஒரே கரையை நாலு சாயத்திலே போட்டு நாலு சேலைன்னு வித்தவுகதானே?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயந்தான். தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் பழைய சொந்தம் உண்டு. பிரான்சு தேசத்தில் ஜக்கார்டு என்பவர் 1804ல், துளையிட்ட அட்டைகளைக் கோத்து எந்த இழை எழும்ப வேண்டும் என்று தறிக்குக் கட்டளையிடும் முறையைக் கண்டார். அந்த அட்டையைப் பார்த்துத்தான், கணக்குப் போடும் தம்முடைய யந்திரத்துக்கும் அட்டையால் கட்டளையிடலாம் என்று இங்கிலாந்தில் பாபேஜ் திட்டமிட்டார். ஆகவே, கம்ப்யூட்டர் வித்தையை நான் நெசவாளி வீட்டில் கற்றுக்கொண்டது ஒன்றும் விசித்திரமில்லை. பேரன் பாட்டி வீட்டுக்குப் போனது போலத்தான்.

சத்தத்துக்கு வருகிறேன். தாயக்கட்டை உருளும் சத்தம் வேண்டும். செல்போனைத் தரையில் வைத்து அத்தையை உருட்டச் சொன்னோம். திண்ணையில் உருட்டினால் மந்தமாக இருந்தது. கூடத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் 'கலகல'வென்று மணி போல் கேட்டது. ஆனால் பின்னால் அடுத்த வீட்டுத் தறியின் 'டக்கு டக்கு' ஓயவில்லை. இரவு ஊர் அடங்கிய பிறகு மறுபடி பிடித்தோம். பகலில் பிடித்ததை அழிக்கப் போனேன், மகள் தடுத்தாள். "இதையே பின்னணி இசையா வச்சுக்கலாம்பா." இன்றைக்கும் எங்கள் பரமபதத்தில் மெல்லிதாகத் தறி ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த விடுமுறையிலேயே முதல் பரீட்சையும் நடந்தது. அத்தை கைவிரலால் திரையைத் தொட்டு ஏழெட்டு முறை உருட்டினாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது பொய்க் கட்டை."

"ஏன் அத்தை? தானாகவே விழுகிறது. எனக்கே தெரியாது என்ன விழும் என்று."

"ஆறு ஏன் இத்தனை தடவை விழுது? பன்னிரண்டு எங்கே?"

எனக்குச் சுருக்கென்றது. நான் செய்திருந்தது, ஒன்றிலிருந்து ஆறு வரை ஏதாவது ஓர் எண்ணைச் சமமாகப் பொறுக்கு என்ற ஒரே வரி. ஆனால் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. நாலை நாலால் பெருக்கினால் பதினாறு விதமாக விழலாம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அது பதினாறில் ஒரே வழி. ஆறு விழவும் ஒரே வழி. தாயம் என்கிற ஒன்றுக்கு இரண்டு வழி, ஐந்துக்கும் இரண்டு. இரண்டுக்கு மூன்று வழி, நாலுக்கு மூன்று. மூன்றுக்கு மட்டும் நாலு வழி. கூட்டிப் பாருங்கள், பதினாறு வரும். என் பொய்க் கட்டையிலோ ஆறு தடவைக்கு ஒரு ஆறு! தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு என்பது அத்தை வீட்டுச் சட்டம். நிஜக் கட்டையில் அந்த அதிர்ஷ்டம் பதினாறுக்கு ஆறு; என்னுடையதில் பாதிக்குப் பாதி. பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவனுக்குத் தெரியாத புள்ளி விவரம், ஐம்பது வருஷமாகக் கட்டை உருட்டியவளுக்கு விரல் நுனியில் இருந்தது. திரையில் இரண்டு கட்டைகளைச் செய்து தனித்தனியே உருள விட்டேன். "இப்ப சரி" என்றாள்.

செப்டம்பரில் அத்தைக்கு உடம்புக்கு வந்தது. பிழைத்துவிட்டாள், ஆனால் வலது கை சொன்ன பேச்சைக் கேட்க மறுத்து விட்டது. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தபோது, படுக்கையில் கிடந்த அந்தக் கையை அவள் யாருடையதோ போல் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை உருட்டிய கை. நாடா வீசிய கை. நான் சென்னைக்குத் திரும்பி, மிச்ச வேலையை ராத்திரி ராத்திரியாக முடித்தேன். மகளுக்கு வாக்குக் கொடுத்த விளையாட்டு இப்போது அத்தைக்கும் வேண்டியதாகி விட்டது. இடது கை விரல் ஒன்று போதும், கட்டை உருளும் என்று நினைக்கும்போதே எனக்கு ஒரு திருப்தி.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. டிசம்பரில் புறப்படுவதற்கு முந்தின இரவு, யாருக்கும் சொல்லாமல் ஒரு வரி சேர்த்தேன். 'அத்தையின் காய் பாம்பின் வாயில் விழுவதாக இருந்தால், கட்டையை ரகசியமாக மறுபடி உருட்டு.' பட்டதெல்லாம் போதும், இந்த ஒரு ராத்திரி அவளைப் பாம்பு கடிக்க வேண்டாமே என்றுதான்.

டிசம்பர் 30. அதே கூடம். அத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மடியில் தலையணை, அதன்மேல் திரை. மகளின் கிளி, அத்தையின் கிளி, என் கிளி. கட்டை உருண்ட சத்தத்தைக் கேட்டதும் அத்தை நிமிர்ந்தாள். அது அவளுடைய வலது கையின் சத்தம் அல்லவா? மே மாதம் பிடித்தது. ஒன்றும் பேசாமல் இரண்டு மூன்று தரம் உருட்டிக் கேட்டாள்.

ஆட்டம் நடந்தது. மகளை நாலு தடவை பாம்பு கடித்தது. அத்தையின் கிளி ஏணி ஏணியாக ஏறி, பாம்புக் காட்டுக்குள் புகுந்து, ஒரு கீறல் இல்லாமல் வைகுண்டத்தில் போய் உட்கார்ந்தது. "அத்தைப் பாட்டி ஜெயிச்சாச்சு!" என்று மகள் கை தட்டினாள். இரண்டாவது ஆட்டம், அதிலும் அப்படியே. மூன்றாவது பாதியில் அத்தை விரலை எடுத்து விட்டாள்.

"பாம்பு ஏன் என்னை மட்டும் கடிக்க மாட்டேங்குது?"

"அதிர்ஷ்டம், அத்தை."

அவள் என்னைப் பார்த்தாள். "என் கை விழுந்தது பாம்புக்குத் தெரியாதுடா. உனக்குத்தான் தெரியும்."

நான் தலை குனிந்தேன். மகள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏமாத்துனீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அந்த ஜனவரி இரவு நான் பிடுங்கிய செல்போன் ஞாபகம் வந்தது. திரைக்குள் உருளும் கட்டையைத் தடவிப் பார்க்க முடியாது. அதில் என்ன விழ வேண்டும், எப்போது விழ வேண்டும், ஆடுகிறவன் எழுந்து போகாமலிருக்க எந்த நேரத்தில் ஜெயிக்க விட வேண்டும் என்பதையெல்லாம் செய்தவன் நினைத்தால் எழுதி வைக்கலாம். காசு கொடுத்துத் திறக்கிற அதிர்ஷ்டப் பெட்டிகளில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே சொல்லிப் பெல்ஜியம் தேசம் 2018ல் தடுத்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக நம் நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. அவர்கள் லாபத்துக்காகச் செய்வதை நான் பாசத்துக்காகச் செய்தேன். எழுதிய வரி என்னவோ ஒரே ஜாதிதான்.

"நான் தோத்தா எனக்கு என்னடா நஷ்டம்?" என்றாள் அத்தை, குரல் தணிந்து. "அம்பது வருஷமா என்னைக் கடிச்ச பாம்பு. கடிக்கட்டும். எனக்கும் மத்தவுக மாதிரி ஒரு ஆட்டம் போடு."

கம்ப்யூட்டரைத் திறந்து, இரண்டு பேரும் பார்க்க, அந்த வரியை எடுத்தேன். போதாது என்று மகள், தன் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு, "இது என்ன? இது எதுக்கு?" என்று கேட்டுச் சோதனை போட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில், கட்டை எப்படி உருளுகிறது என்பது முதல் கிளி எப்படி நடக்கிறது என்பது வரை எல்லாம் அவளுக்குத் தெரிந்து போயிற்று. அடுத்த விளையாட்டைத் தானே செய்யப் போகிறாளாம்.

புதிதாக ஆட்டம் போட்டோம். ஊரெல்லாம் விழித்திருந்தது. அத்தையின் கிளி மெல்ல மெல்ல ஏறிற்று. வைகுண்டத்துக்கு இன்னும் ஏழு கட்டம். இடது கை விரலால் தொட்டாள். கட்டை கலகலவென்று உருண்டு மூன்று விழுந்தது. நேரே கண்ணாடி போட்ட பெரிய பாம்பின் வாய்!

சர்ரென்று கிளி கீழே வந்து விழுந்தபோது அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, செப்டம்பருக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. "கடிச்சுருச்சுடி! கடிச்சுருச்சு!" என்று மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "ம், உருட்டு" என்றாள் என்னிடம்.

என் கிளி எங்கே இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லையே? தாயம் விழுந்தால்தான் காய் பலகைக்குள் நுழையலாம். எட்டுக்கு ஒரு தடவை தாயம் விழும் என்பது கணக்கு. நான் பதினேழு தடவை உருட்டியிருந்தேன். விளையாட்டைச் செய்தவனின் காய், விடிகிற வரைக்கும் பலகைக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தது.